தோக்கோ மாங்சி குடியிருந்த வீடு

எங்கள் சந்தில் ஹேசோங் வில்லா அடுக்ககத்தின் நிலவறை வீட்டுக்கு ஒரு ரவுடி குடிவந்திருக்கிறான் என்ற செய்தியைக் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடைக்காரி பியோ அக்காதான் எனக்குச் சொன்னார். பெயர் தோக்கோ மாங்சி. மாங்சி என்றால் எங்கள் கொரிய மொழியில் சுத்தியல். பெற்ற பிள்ளைக்கு யாரும் வைக்கிற பெயரில்லை, தொழிலில் சம்பாதித்த பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று இஞ்சோன் நகரின் இந்த மூலை ஏகமனதாக முடிவு செய்திருந்தது.

“பதினாலு வருஷம் உள்ள இருந்துட்டு வந்திருக்கானாம்” என்றார் அக்கா, மஞ்சள் முள்ளங்கியை நறுக்கியபடி.

“போன வாரம் ஏழு வருஷம்னீங்க.”

“ஊர்ல சொல்றதைத்தானே நான் சொல்ல முடியும்?”

“ஆளைப் பார்த்தீங்களா?”

“பார்சலைப் பார்த்தேன். ஒரு ரைஸ் குக்கர், ரெண்டு மூட்டை அரிசி. எல்லாத்து மேலயும் அவன் பேரு. அதுக்கு மேல ஆளை வேற பார்க்கணுமா?”

வட்டாரச் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் வாரம் ஒரு முறை வம்பு எழுதுவது என் பிழைப்பு. அடுத்த வாரத்துக்கு விஷயம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு ரவுடி கிடைத்தால் மூன்று வாரத்துக்கு ஓட்டலாம். எனவே விசாரிக்கப் போனேன்.

ஏழு படி இறங்கினால் கதவு. கதவின் முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ், ராட்சத அளவு. மேலே தூசி படிந்திருந்தது. அடிப்பகுதியிலோ ஒரு கீறல்கூட இல்லை. கடையில் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. சிறையிலிருந்து இதுவரை காலைத் தரையில் வைக்காமல் வந்த ரவுடி என்று குறித்துக்கொண்டேன்.

மணியடித்தேன். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் திறந்தது. ஒரு பெண்.

“தோக்கோ மாங்சி இருக்காரா?”

“குளிக்கிறாரு.”

மறுநாளும் போனேன். “தூங்குறாரு.” மூன்றாம் நாள் அவர் குளிக்கவுமில்லை, தூங்கவுமில்லை. “நீங்க யாரு, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் அந்தப் பெண். நான் பத்திரிகையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே சங்கிலியை எடுத்தார்.

“எழுதிடாதீங்க சார். அந்த ஆளு நான்தான்.”

தனியாக இருக்கும் பெண் முரட்டு ஆண்பெயரில் சாமான் வரவழைப்பது இங்கே அரிசி களைவது மாதிரி சாதாரணம். வாசலில் ஆண் செருப்பு வைப்பதும், பெட்டியைக் குப்பையில் போடுமுன் மேலே ஒட்டிய முகவரிச் சீட்டைக் கிழிப்பதும் அப்படித்தான். எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். ரவுடி மேல் இருந்த ஆசையில் புரியவில்லை.

அவர் பெயர் மா இன்சுக், வயது நாற்பத்து மூன்று. பூப்யோங்கில் முகவரி திருத்தும் நிறுவனமொன்றில் வேலை. கடைகளும் மருத்துவமனைகளும் காப்பீட்டுக்காரர்களும் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்பார்கள். மென்பொருள் அதைச் சரிபார்த்து, பழைய மனை எண்ணில் எழுதியதைப் புதிய தெருப்பெயருக்கு மாற்றி, விட்டுப்போன மாடியைச் சேர்த்து, பிழை நீக்கித் திருப்பிக் கொடுக்கும். அதற்குப் பிடிபடாத மிச்சம் மட்டும் இன்சுக்கின் திரைக்கு வரும். ‘பழைய ஐஸ் ஃபாக்டரிக்கு எதிரே, நாய் இருக்கும் வீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அது எந்தத் தெரு, எந்த எண் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு.

“அந்த நாய் செத்துப்போயிருந்தா?” என்று கேட்டேன்.

“நாய் செத்தாலும் முகவரி சாகாது சார்” என்றார்.

என் வாசகர்கள் அனுப்பும் வசவுக் கடிதங்களை உறையோடு குப்பையில் போடுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “திட்டி எழுதுறவங்களுக்கும் வீடு இருக்கில்ல?” என்று உள்ளே போய், முகவரியின் மேல் உருட்டினால் கறுப்பாக அடித்துவிடும் மை உருளை ஒன்றைக் கொண்டுவந்தார். “ரெண்டு நாள் வச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுங்க. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

ரவுடியைப் பற்றி நான் எழுதவில்லை. இரண்டு நாள் ஆகியும் உருளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து அடுத்த வாரம் போனேன். உருளையை மறந்துவிட்டுத்தான் போனேன். தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

சோங்ஜுவில் கணவரோடு இருந்த காலத்திலும் அவருக்கு இதே வேலைதான், வேறொரு நிறுவனத்தில். அப்போது ஒரு தொல்லை. இந்த முரட்டுப் பெயர்களை மென்பொருள் நிஜ ஆண்கள் என்று நம்பியது. தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு அவளுக்கொன்று, இல்லாத ரவுடிக்கொன்று என்று இரண்டு விளம்பரப் புத்தகம் போனது. தபால் செலவு வீண் என்று வாடிக்கை நிறுவனங்கள் சத்தம் போட்டன. நாடு முழுக்க ரவுடிகள் பெருகிக்கொண்டிருந்தார்கள், ஒருவன்கூடப் பிறந்திருக்கவில்லை. இன்சுக் அரைப் பக்கத்தில் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். முரட்டுப் பெயருக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே தொலைபேசி எண் இருந்தால் இருவரும் ஒருவரே. அந்தப் பெண்ணாகவே கணக்கில் கொள்ளலாம்.

யோசனை மென்பொருளில் ஏறியது. சூசோக் பண்டிகைக்கு நிறுவனம் அவருக்கு டின் இறைச்சிப் பெட்டி ஒன்று பரிசளித்தது. பன்னிரண்டு டின்.

“நல்லா இருந்துச்சா?”

“எனக்கு அது பிடிக்காது. அவருதான் சாப்பிட்டாரு.”

அவர் என்றால் கணவர், ஹாம். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு விலா எலும்பு முறிந்த நிலையில் இன்சுக் அவரை விட்டு வந்தார். வட்டார அலுவலகத்தில் தன் முகவரி இருக்கும் குடிப்பதிவைக் கணவர் பார்க்க முடியாதபடி பூட்டச் சொல்லி மனுக் கொடுத்தார். பூட்டினார்கள். ஹாம் மூன்று முறை போய்க் கேட்டும் அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை. அரசாங்கத்தைப் பற்றி நான் எழுதுகிற ஒரே நல்ல வாக்கியம் இது.

இன்சுக் பார்சலில் எழுதும் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், தொலைபேசி எண்ணை மாற்றினார். பூட்ஸ் வாங்கினார். வேலையை மட்டும் மாற்ற முடியவில்லை. வேறு தொழில் தெரியாது. நிறுவனம் புதிது, மென்பொருள் பழையதேதான்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ரைஸ் குக்கர் வாங்கக் கடைக்குப் போனார். ரொக்கம் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பத் தோக்கோ மாங்சி என்று பெயர் எழுதினார். கல்லாவில் இருந்த பெண் வழக்கம்போல, “பாயிண்ட் சேர்க்கணுமா, நம்பர் சொல்லுங்க” என்றாள். நம் ஊரில் கனவில் வந்து கேட்டாலும் எல்லோரும் எண்ணைச் சொல்லிவிடுவோம். பத்து வருடமாகச் சொல்லிவந்த பழைய எண்ணை அவர் வாய் சொல்லிவிட்டது.

“தெருவுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. திரும்பிப் போய் அழிக்கச் சொன்னேன். பாயிண்ட்டை அழிச்சிட்டோம்னாங்க. பாயிண்ட்டைத்தான் அழிச்சாங்க.”

அக்டோபரில் ஒரு நாள் அலுவலகத் திரையில் அந்த வரி வந்து நின்றது. ஜின்செங் மூலிகை விற்கும் ஒரு நிறுவனத்தின் பட்டியல். இடப்பக்கம் சோங்ஜு வீடு: ஹாம், மனைவி மா இன்சுக். வலப்பக்கம் மென்பொருளின் பரிந்துரை: மனைவி இடம் மாறியுள்ளார், இஞ்சோன், ஹேசோங் வில்லா, நிலவறை ஒன்று, வேறு பெயர் தோக்கோ மாங்சி. இருவருக்கும் அதே பழைய தொலைபேசி எண், நம்பகம் தொண்ணூற்றெட்டு சதவீதம், ஓர் ஆளின் ஒப்புதல் தேவை.

நிராகரி என்று அழுத்தினார். காரணம் கேட்டது. மூன்றுதான் இருந்தன: முகவரி தவறு, கட்டடம் இடிக்கப்பட்டது, பெறுநர் காலமானார்.

“மூணாவதைப் போடலாமான்னு ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன்” என்றார். “அப்புறம் கட்டடத்தை இடிச்சேன்.”

மறுநாள் குழுத்தலைவர் சோன் வந்தார். “மா மேடம், அந்தக் கட்டடம் நிக்குதே. வரைபடத்துல பார்த்துட்டு மென்பொருளே உங்க பதிலைத் தப்புன்னு குறிச்சிருச்சு, அடுத்த மாசம் மறுபடி கேட்கும். ரெண்டு வருஷத்துல உங்க முதல் தப்பு.”

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். சோன் கெட்டவரில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டு, விலக்குப் பட்டியலுக்கான படிவத்தைக் கொண்டுவந்தார். யாருக்கும் காட்டக் கூடாத முகவரிகளின் பட்டியல் அது. மறைக்க வேண்டிய பெயர், முகவரி, யாரிடமிருந்து மறைக்க வேண்டும், ஏன் என்பதையெல்லாம் எழுத வேண்டும்.

“எழுதிக் கொடுத்தா இது எங்க போகும்?”

“எல்லா வாடிக்கை நிறுவனத்துக்கும் போகும் மேடம். எதைக் காட்டக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?”

இன்சுக் அதைப் பூர்த்தி செய்யவில்லை. எனக்குக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன், இத்தனை வருடத்தில் என்னால் இப்படியொன்றை எழுத முடிந்ததில்லை. அவர் சிரிக்கவில்லை.

“பட்டியல் மாசாமாசம் ஓடும் சார். ஒவ்வொரு மாசமும் நான் நிராகரிக்கணும், அது ஒவ்வொரு மாசமும் தப்புன்னு சொல்லி மறுபடி கேட்கும். ஒரு நாள் காய்ச்சல்ல லீவு போட்டா அது தானாவே ஏத்திக்கும், முடிஞ்சுது.”

காய்ச்சல் ஜனவரியில் வந்தது. மூன்று நாள் விடுப்பு.

சந்திரப் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்பு ஜின்செங் நிறுவனத்தின் வாழ்த்துப் புத்தகம் ஹேசோங் வில்லாவுக்கு வந்து சேர்ந்தது. நான் போனபோது மேசைமேல் இருந்தது. மா இன்சுக் அவர்களுக்கு என்று அச்சடித்திருந்தது. தெரு, எண், நிலவறை, அஞ்சல் குறியீடு எல்லாம் இருந்தன.

“ஒரு பிழை இல்ல பாருங்க” என்றார். தொழில்காரியின் குரல் அது. “இது இங்க வந்ததைப் பத்தி எனக்குக் கவலையில்ல. அங்க சோங்ஜுல, அவரோட ஜின்செங் கணக்குல இப்ப என்ன தெரியுதுங்கறதுதான்.”

“எங்க போவீங்க?”

“உங்ககிட்டச் சொன்னா அது ஒரு முகவரி ஆயிடும்.”

மறுநாள் காலையில் ஒரு சின்ன லாரி வந்தது. மாலைக்குள் வீடு காலி. பூட்ஸை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதற்கு நாலாம் நாள் நான் பியோ அக்கா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். நல்ல கோட்டு. கையில் துணி சுற்றிய பேரிக்காய்ப் பெட்டி. ஹேசோங் வில்லா நிலவறை வீட்டில் யாரும் திறக்கவில்லையே என்று பணிவாகக் கேட்டார். வாயைத் திறந்த அக்காவை முந்திக்கொண்டேன்.

“அங்க போகாதீங்க. தோக்கோ மாங்சின்னு பெரிய ரவுடி. பதினாலு வருஷம் உள்ள இருந்தவன்.”

அவர் புன்னகைத்தார். “அது என் பொண்டாட்டிங்க.”

கைபேசியில் ஜின்செங் நிறுவனத்தின் கணக்கைத் திறந்து காட்டினார். உங்கள் குடும்பத்தினர் என்று தலைப்பு. கீழே மா இன்சுக், தோக்கோ மாங்சி என்ற இரண்டு பெயரும் ஒரே முகவரியில். பக்கத்தில் பச்சை நிறத்தில், சரிபார்க்கப்பட்டது.

“அவங்க காலி பண்ணிட்டுப் போய் நாலு நாளாச்சே” என்றார் அக்கா.

“பரவாயில்லைங்க. முகவரி மாறினா இதுலயே வந்துரும்.” பெட்டியை அக்காவிடமே கொடுத்தார். ஒருவேளை அவள் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள் என்று தன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அக்கா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.

“எவ்வளவு நல்ல மனுஷன்” என்றார் அவர் போன பிறகு. “ரவுடிகிட்டப் போய் அந்தப் பொண்ணு எப்படி மாட்டுச்சோ.”

அந்தச் சீட்டை அன்றே கிழித்துவிட்டேன். கிழித்து என்ன, அக்கா எண்ணைத் தன் கைபேசியில் ஏற்றியிருந்தார். மாதம் பிறந்தால் பட்டியல் ஓடும். இன்சுக் எங்கோ ஒரு சட்டி, ஒரு மூட்டை அரிசி வாங்கித்தானே ஆக வேண்டும்.

மை உருளை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வசவுக் கடிதங்களின் உறைகளில் உருட்டி உருட்டி மை வெளுத்துவிட்டது. நேற்று புது மை வாங்கி நிரப்பி, காகிதத்தில் சுற்றி, மேலே ‘மா இன்சுக் அவர்களுக்கு’ என்று எழுதினேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது.