ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றியவள்

தானாக முளைப்பதை நட்டு வளர்க்கிறவளைக் கண்டால் இந்த ஊர் சிரிக்கிறது. சைகோனிலிருந்து பாரிஸுக்குப் போய்விட்ட சிநேகிதிகளே, நீங்களும் சிரியுங்கள். நெல்லித்தோப்பில் என் வீட்டு வேலியோரம் நான் ஆவாரை வளர்க்கிறேன். கனகசெட்டிக்குளம் போகும் பஸ்ஸிலிருந்துதான் அதைப் பார்த்தேன். மழையே காணாத பொட்டல் மணலில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருந்தது. இறங்கி, காய்ந்த நெற்றுகளைப் பறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. சைகோனில் எல்லாம் தலைகீழான வருஷம், பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊர் அப்பாவின் ஊராயிற்றே என்று இங்கே வந்தேன். அன்றிலிருந்து தெருவுக்கே என்னிடம் ஒரே கேள்விதான்: "பிரான்சுக்கு எப்ப போறீங்க?" போகவில்லை என்றால் நம்புவதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் விருந்தாளிக்குத் தரும் மரியாதை. எனக்கு அது வேண்டாம். இவர்களில் ஒருத்தியாக வேண்டும். வேலியோரம் ஒரு செடி நின்றாலாவது நம்புவார்கள் என்று நினைத்தேன்.

சைகோனில் பாதி வருஷம் மழை கொட்டும். மீதி வருஷம் அம்மா பூவாளியோடு நிற்பாள். அந்தப் பழக்கத்தில் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். இலை பழுத்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டில் மாடு வைத்திருக்கும் செங்கேணி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஆவாரைக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? அழுவிப்பூடும்மா!"

தெருக்குழாயில் நான் அதிகம் பிடிப்பதால் வந்த வயிற்றெரிச்சல் என்று முடிவுகட்டினேன். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு இன்னொரு குடம் ஊற்றினேன். சித்திரையில் குழாய் வறண்டது, செடிக்கு உயிர் வந்தது. குடத்தைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிட்டேன்.

மறுவருஷம் தையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. மாட்டுப்பொங்கல் காலையில் கதவைத் திறந்தால் செடி மொட்டை! சைகோனில் அடுத்த வீட்டுப் பூவைக் கேட்காமல் தொடமாட்டோம். இங்கே செங்கேணியின் மாடு என் பூக்களை மாலையாகப் போட்டுக்கொண்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுப் பறிச்சீங்க?" என்று கத்தினேன்.

செங்கேணி நிஜமாகவே திகைத்தாள். "நம்ம தெரு செடிதானே, யாரக் கேக்கறது? வேத்து ஆளுங்களா நாம? உன் வாசலுக்குந்தான் கட்டியிருக்கேன், போய்ப் பாரு."

நிலைப்படிக்கு மேலே மாவிலையோடு ஆவாரம்பூ தொங்கியது. இத்தனை நாள் "நீங்க" போட்டவள் "உன்" என்றுவிட்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

அன்று மாலையே பழிவாங்கினேன். அவள் கூரையில் படர்ந்த கொடியிலிருந்து ஒரு சுரைப்பிஞ்சைக் கேட்காமலே அறுத்தேன். அறுத்தது நெல்லித்தோப்புக்காரியின் கைதான். வாய் மட்டும், ஆளில்லாத அந்தக் கூரையைப் பார்த்து, "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டது.