இரண்டு விரல் குறைத்த நாற்காலி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மனைவி போடும் படங்களுக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: "முடிஞ்சது." செருப்பு அலமாரி, முடிஞ்சது. சமையலறை டப்பாக்களுக்குப் படித்தட்டு, முடிஞ்சது. போன மாதம் நான் சாய்ந்துகொண்டு படிக்க ஒரு சரிவுப் பலகை, அதுவும் முடிஞ்சது. மற்றவர்கள் பூங்கொத்தும் காலை வணக்கமும் அனுப்பிக் கழுத்தை அறுக்கிற குழுவில் உருப்படியாக வருவது இது ஒன்றுதான். இப்படிச் சொன்னால் பெண்டாட்டிக்குப் பல்லக்குத் தூக்குகிறேன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நின்றவள் அவள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் ஸ்கூட்டரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, "இனிமே இந்த ஷெட் எனக்கு" என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். ஸ்கூட்டர் ஆறு வருஷமாக மழையில் நிற்கிறது.

ஷெட்டில் கடைச் சாமான் என்று பார்த்தால் ரம்பம், உளி, இழைப்புளி, துளை போடுகிற மெஷின், அவ்வளவுதான். மீதி எல்லாம் அவள் கையால் செய்தவை. வேலை மேஜை எங்கள் பழைய பின்வாசல் கதவு. தாழ்ப்பாளைக்கூடக் கழற்றவில்லை. சாவித் துவாரத்தில் பென்சில் நிற்கும். மரச் சுத்தியல் உடைந்த கட்டிலின் காலிலிருந்து வந்தது. பலகைகளை இறுக்கிப் பிடிக்கிற கவ்விகள் அதே கட்டிலின் திருகாணிகளை வைத்துச் செய்தவை. பிடித்தால் விடாது, செய்தவளின் குணம் அப்படி. உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பதற்கு என் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துக்கொண்டாள். அந்தச் செருப்பு இன்னும் ஒரு வருஷம் உழைத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆணியில் தொங்குவது ஆள்குச்சி. பெயர் அவள் வைத்ததுதான். என் உயரத்துக்கு ஒரு மெல்லிய சட்டம். அதில் எண்ணே கிடையாது, கோடுகள்தான். என் முழங்கால், என் முழங்கை, அவள் முழங்கால், அவள் முழங்கை, அவள் கை எட்டும் உச்சி. டேப் இருக்கும்போது இதெதற்கு என்று ஒருநாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எண்ணைத் தப்பாப் படிக்கலாம், தப்பா எழுதலாம். தியேட்டர்ல எத்தனை பார்த்திருக்கேன். கோடு பொய் சொல்லாதுங்க. ஆளோட உடம்பிலிருந்து நேரா மரத்துக்கு வருது."

நான் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவன். எண்ணைத் தப்பாக எழுதுகிறவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவளுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் பசை போடாமல் மர ஆணிகளை மட்டும் அடித்துப் பொருத்துவாள். அதைப் பயன்படுத்தப் போகிற ஆள் வந்து உட்கார்ந்து, தொட்டு, திறந்து பார்த்த பிறகுதான் பசை. ஆறு வருஷத்தில் இந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறினாள். அந்தக் கதைதான் இது.

நாலு தெரு தள்ளி அவளுடைய அக்கா தனியாக இருக்கிறார். எனக்கு அண்ணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். இன்றைக்கும் போனை எடுத்தால் அந்தக் குரல்தான், நாமே நம்மை ஒரு பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் அக்காளும் தங்கையும் பெரியவள், சின்னவள். ஐந்து வயசு வித்தியாசம் இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருவருக்கும் ஒரே அளவு. சட்டையிலிருந்து செருப்பு வரை மாற்றி மாற்றிப் போட்டே காலம் தள்ளினார்கள். எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அண்ணி தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தார். பள்ளமான, பஞ்சு அமுங்கிய சோபா. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, எழ முடியவில்லை. போன் அடுத்த அறையில் இருந்தது. மணியடித்து மணியடித்து ஓய்ந்ததைக் கேட்டுக்கொண்டே நாலு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் அழைப்பை எடுத்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சாயங்காலம் என் மனைவி போனபோதுதான் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

விஷயம் அண்ணியின் மகன் காதுக்குப் போயிற்று. அவன் வேறு ஊரில் இருக்கிறான். எல்லார் வாழ்க்கையையும் அவனே நிர்வகிப்பதால் நாங்கள் அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பையன்தான். அம்மா இனித் தனியாக இருக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அண்ணிக்கு அந்த வீடுதான் உயிர். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். போனில் மகனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "டேய், குத்தம் உங்கம்மா மேல இல்ல, சோபா மேல. நான் ஒரு நாற்காலி பண்றேன். யார் கையையும் பிடிக்காம அவ உட்கார்ந்து எழுந்துட்டா?"

"எழுந்துட்டா நான் வாயே திறக்கலை சித்தி. எழ முடியலைன்னா அன்னைக்கே அம்மா என்கூடக் கிளம்பணும். சரியா?"

"சரி" என்றாள். அவன் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினேழு நாள் இருந்தது.

பதினேழு நாளும் ஷெட்டிலிருந்து மரத்தூள் என் காப்பி வரைக்கும் வந்தது. நாற்காலி உருவானதைப் பார்த்து நான் அசந்துதான் போனேன். உட்காரும் பலகை முழங்காலுக்கு நேர் உயரம், பள்ளம் கிடையாது. இரண்டு பக்கமும் அகலமான கைப்பலகை, ஊன்றி எழுவதற்கு. ஒவ்வொன்றையும் இரண்டு குட்டித் தூண்கள் தாங்கின. அளவெல்லாம் ஆள்குச்சியில் இருந்த அவளுடைய சொந்தக் கோடுகள். சனிக்கிழமை காலை தானே உட்கார்ந்தாள், ஊன்றினாள், எழுந்தாள். நாலு தடவை செய்து பார்த்துவிட்டுப் பசை போட்டாள்.

அண்ணியை ஒரு தடவை உட்கார வைத்துப் பார்க்கலாமே என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்தவன் எழுத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுகிறவன், வீட்டில் கோட்டை விட்டேன். மத்தியானம் குழுவில் படம் போனது. முடிஞ்சது. மேனேஜர் ஒரு கட்டைவிரலை அனுப்பி, "நாளைக்குப் பார்ப்போம் சித்தி" என்று எழுதினான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஒரு சின்ன வேனில் நாற்காலியையும் ஆள்குச்சியையும் ஏற்றிக்கொண்டு போனோம். மேனேஜர் பத்தரைக்கு வருவான். அண்ணி நாற்காலியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்து, "மாவு மாதிரி இழைச்சிருக்கேடி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

கால் தரையில் சரியாகப் பதிந்தது. கைகளைக் கைப்பலகை மேல் வைத்தார். தோள் இரண்டும் காது வரை ஏறின. ஊன்றிப் பார்த்தார், உடம்பு அசையவில்லை. இன்னொரு தடவை முயன்றார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"என்னடி இது? ரெண்டு போலீஸ்காரங்க அக்குள்ல கை குடுத்து என்னை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார்.

"பலகை மேல ஒரு மெத்தை போட்டா உசரம் சரியாகிடுமே" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"கால் அந்தரத்துல தொங்கும். அப்புறம் எதை ஊன்றி எழுவா?" என்று மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவள் ஆள்குச்சியை எடுத்து அக்காவின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் கோட்டுக்கு முழங்கால் சரியாக இருந்தது. முழங்கை மட்டும் கோட்டிலிருந்து இரண்டு விரல் கீழே நின்றது. கால் அதே கால்தான், முதுகு குறுகியிருந்தது.

ஆயிரம் முதுகைப் பார்த்தவள், சொந்த அக்காவின் முதுகைப் பார்க்கவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"ரெண்டு வருஷமா உன் சட்டை எனக்குத் தோள்ல இறங்குது" என்றார் அண்ணி. "உள்ளே ஊசி குத்திப் போட்டுக்கிட்டேன். சொன்னா மாத்திரையும் பால் டம்ளருமா வந்து நிப்பே."

"நிப்பேன்தான். இப்பவும் நிப்பேன். முதல்ல எழுந்திரு" என்று அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வீட்டுக்குப் போய் ரம்பம், ரெண்டு கவ்வி, துளை மெஷின், சுத்தியல், மர ஆணி டப்பா, பசை டப்பா. ஓடுங்க."

"பசை போட்டாச்சேம்மா. கைப்பலகையை எப்படிக் கழற்றுவே?"

"யார் கழற்றப் போறா? நடுவுல அறுக்கப் போறேன்."

நான் திரும்பி வந்தபோது மணி ஒன்பது. இரண்டு விரல் கனத்தில் ஒரு கட்டையைத் தேடி எடுத்து, அதைக் குட்டித் தூணோடு சேர்த்துக் கவ்வியால் இறுக்கினாள். கட்டையின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு வெட்டு, கீழ் விளிம்பை ஒட்டி ஒரு வெட்டு. நடுவில் இருந்த துண்டு பிஸ்கட் மாதிரி கழன்று வந்தது. துண்டின் நடுவில் பழைய மர ஆணி வட்டமாகத் தெரிந்தது. கை நடுங்கவில்லை. தியேட்டரில் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மூன்றாவது தூணை அறுக்கும்போது பெட்டியோடு மேனேஜர் உள்ளே வந்தான். அவன் கண்டது, கூடம் முழுக்க மரத்தூள், மண்டியிட்டு ரம்பம் போடுகிற சித்தி, வேர்த்து நிற்கும் சித்தப்பா. அம்மா சாப்பாட்டு மேஜையில் சாய்ந்து நின்று, நாற்காலி ஆடாமல் இருக்க அதன் முதுகை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இதெல்லாம்? நாற்காலி சரிவரலையா? அப்போ கிளம்பலாமா?"

அண்ணி திரும்பவில்லை. எக்ஸ்சேஞ்ச் குரலில், "தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்" என்றார்.

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

நாலு துண்டும் விழுந்தன. கைப்பலகைகள் கீழே இறங்கின. புதுத் துளை, புது மர ஆணி. சுத்தியல் நின்றதும் என் மனைவி எழுந்து தூசியைத் தட்டினாள். பசை டப்பாவை அவள் கேட்கவேயில்லை.

அண்ணி நாற்காலிக்கு முதுகு காட்டி நின்று மெதுவாக உட்கார்ந்தார். தோள் இறங்கியே இருந்தது. கைகளை ஊன்றினார். மேனேஜர் தன்னை அறியாமல் கையை நீட்டினான், என் மனைவி அதைத் தட்டிவிட்டாள்.

அண்ணி எழுந்து நின்றார்.

மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். மூன்றாவது தடவையும்.

"போதும்மா" என்றான் அவன்.

"உனக்குப் போதும். எனக்கு இன்னொரு தடவை" என்று உட்கார்ந்து எழுந்தார்.

என் மனைவி ஆள்குச்சியில் முழங்கைக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளிப் புதுக் கோடு கீறி, பக்கத்தில் 'பெரியவள்' என்று எழுதினாள். அதன் பிறகுதான் பசை டப்பா எங்கே என்று கேட்டாள்.

அண்ணி தானாகவே நடந்து போய் மேஜை மேலிருந்த நாலு துண்டில் ஒன்றை எடுத்தார். விரலால் கனம் பார்த்தார். அதை மகன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இவ்வளவுதானா நான் குறைஞ்சது? நீ போன்ல பேசின பேச்சுக்கு, பாதி ஆளையே காணோம்னுல்ல நினைச்சிட்டேன்."