தலைவர் வரட்டும்னாங்க

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சித்திரை மாசம். திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற எங்க வீட்டுல நடந்தது இது. நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். சாமி கும்பிடாதவர். ராயபுரத்துல ஒரு பேட்டரி கடைக்கு மேல இருக்கிற ரூம்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவரை மாதிரி ஆளுங்க பத்துப் பதினஞ்சு பேர் கூடுவாங்க. வட்டம்னு அதுக்குப் பேரு. சாமி இல்லை, சாதி இல்லை, செத்தா சடங்கு இல்லைன்னு பேசுவாங்க. கூட்டம் முடியறப்போ எல்லாரும் எழுந்து நின்னு, எனக்கு அப்புறம் என் கண்ணும் உடம்பும் மத்தவங்களுக்குன்னு கை நீட்டி உறுதி எடுப்பாங்களாம். பொண்டாட்டிங்க யாரையும் அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனதில்லை. ஆண்டு விழா அன்னைக்குப் பிரியாணி கிளற மட்டும் எங்களைக் கூப்பிடுவாங்க.

எனக்குச் சாமி உண்டு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினா, "போய்ட்டு வா, சுண்டல் குடுத்தா எனக்கும் எத்துனு வா"ம்பாரு. எங்களுக்குள்ள அதுக்காக ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அவர்கூட வேலை பார்த்த ஒருத்தருக்குக் கண்ணுல புண்ணு வந்து, பார்வையே போயிருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் செத்தப்போ குடுத்த கண்ணை வெச்சு அவருக்குப் பார்வை திரும்பிச்சு. நல்லான உடனே எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அதுவரைக்கும் என் பொண்ணோட குரலை மட்டும்தான் கேட்டிருந்தார். அன்னைக்கு அவ முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "இன்னா நைனா, பாப்பா அப்டியே உன்ன மாரியே கீது"ன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிட்டு வந்தார்.

அன்னையிலேர்ந்து எனக்குப் பாடம் ஆரம்பிச்சுது. "உடம்ப எங்கண்ணன் வுடமாட்டான். கண்ணையாவது குடுத்துடு"ம்பாரு. உயிர் போனதும் கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், தலைக்குத் தலகாணி குடுத்துத் தூக்கி வைக்கணும், காத்துல கண்ணு காயாம இருக்க ஃபேனை அணைக்கணும், ஆறு மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுத்துடணும். நான் காய் நறுக்கிட்டு இருக்கும்போதெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்வார். "வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"ன்னு திட்டிக்கிட்டே ஒப்பிப்பேன்.

அன்னைக்குக் காலையில பல்லு விளக்கிட்டு இருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போனோம். ஆஸ்பத்திரியில தொட்டுப் பார்த்துட்டு, போயிடுச்சும்மான்னாங்க.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் அழறதுக்கு முன்னாடி பஞ்சை நனைச்சு வெச்சேன். தலகாணி வெச்சேன். ஃபேனை அணைச்சேன். அக்னி வெயில், வீடு முழுக்க ஜனம். என் நாத்தனார் வந்து விழுந்து அழுதுட்டு, "காத்து இல்லாம படுக்க வெச்சிக்கிறியேடி"ன்னு ஃபேனைப் போட்டாங்க. நான் அணைச்சேன். இன்னொருத்தர் போட்டார். மறுபடியும் அணைச்சேன். இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு காதுபடவே பேசினாங்க. போகட்டும்னு ஸ்விட்ச்சுக்குக் கீழேயே உட்கார்ந்துட்டேன்.

வட்டத்துச் செயலாளருக்கு அப்பவே போன் பண்ணிட்டேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் தங்கச்சி, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னார். சொன்ன மாதிரி சீக்கிரமே நாலஞ்சு பேரோட வந்தார், மாலை போட்டார், குலுங்கிக் குலுங்கி அழுதார். கண் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டீங்களாண்ணான்னு கேட்டேன்.

"தலைவர் வந்துனு கீறாரும்மா. நம்ம வட்டத்துல மொத கண் தானம். கமுக்கமா நடந்துடக் கூடாது. வீடியோ எடுக்கணும், பேனருக்கும் சொல்லிக்கீது"ன்னார்.

வட்டத்துத் தலைவர் எண்ணூர்லேர்ந்து வரணும். ரோட்டுல டிரெய்லர் லாரிங்க வரிசை கட்டி நிக்குதாம். இதோ வந்துட்டாரு, இதோ வந்துட்டாருன்னே சொல்லிட்டு இருந்தாங்க. நான் பஞ்சு காயக் காய நனைச்சு வெச்சுட்டு இருந்தேன்.

அதுக்குள்ள என் வீட்டுக்காரரோட அண்ணன் வந்து தலைமாட்டுல விளக்கு ஏத்தினார். வட்டத்துத் தோழர் ஒருத்தர், இது கொள்கைக்கு விரோதம், அணைங்கன்னார். "யார் வூட்ல வந்து யார்கிட்ட பேசுற?"ன்னு மூத்தவர் எகிறினார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் குடுக்கணும்னு அவங்க, கொள்ளி வெச்சே தீருவோம்னு இவங்க. என் தலைக்கு மேல கத்திக்கிட்டாங்க. நடுவுல படுத்திருந்த மனுஷனை யாரும் குனிஞ்சு பார்க்கலை.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "உடம்பை எரிங்க, மேளம் அடிங்க, என்னவோ பண்ணித் தொலைங்க! மொதல்ல அவர் கண்ணைக் குடுங்கய்யா!"ன்னு கத்திட்டேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். "கண்ணு மட்டும்தானா? குடுத்துட்டுப் போயேன்மா. யாரு வேணாம்னது?"ன்னார். அவரைத்தானே நாங்க எதிரின்னு பயந்துட்டு இருந்தோம்! அவருக்கு அதுல ஒரு மறுப்பும் இல்லை.

சரின்னு செயலாளர் பக்கம் திரும்பினேன். அவர் வாட்சைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தலைவர் பாதி வழி தாண்டிட்டாரு தங்கச்சி, அவர் வந்ததும் பண்ணிடலாம்னார்.

மத்தியானம் தாண்டித்தான் தலைவர் வந்தார். சால்வை, மாலை, வாசல்ல நின்னு ஒரு பேச்சு. பேச்சு முடிஞ்சு, வீடியோக்காரப் பையன் கேமராவைத் தூக்கினப்புறம்தான் செயலாளர் போன் போட்டார். உயிர் எப்போ போச்சுன்னு அங்க கேட்டிருக்காங்க. இவர் முகம் செத்துப்போச்சு. போனைப் பிடுங்கி என் காதுல வெச்சேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு தன்மையாத்தான் பேசிச்சு. நேரம் தாண்டிடுச்சும்மா, இனிமே எடுத்தாலும் யாருக்கும் வெக்க முடியாதுன்னு சொல்லிச்சு. அப்புறம் சொன்னதுதான் என்னைக் கொன்னுது. "காலையில நீங்களே ஒரு போன் பண்ணியிருந்தாப் போதுமேம்மா, நாங்களே வீட்டுக்கு வந்திருப்போம்."

எவ்வளவோ சொல்லிக் குடுத்த மனுஷன், அதைச் சொல்லாம விட்டுட்டார். போன் பண்றது வட்டத்து வேலைன்னு நினைச்சிருக்கார், பாவம். அவங்களை அவ்வளவு நம்பினார். நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

சாயங்காலம் எல்லாச் சடங்கோடயும் எடுத்துட்டுப் போனாங்க. தோழருங்க வீர வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

மறுநாள் என் பொண்ணு அழுதுகிட்டே ஓடிவந்து, தெருமுனைக்கு வாம்மான்னு கூப்பிட்டா. அங்க பேனர் கட்டியிருந்தாங்க. கிரேன் மேல நின்னு அவர் சிரிக்கிற போட்டோ, பக்கத்துலயே தலைவர் போட்டோ, இன்னும் பெருசா. கீழ, இருவருக்கு ஒளி தந்த தோழருக்கு வீர வணக்கம்னு எழுதியிருந்தது. செயலாளருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். முன்னாடியே அடிச்சுட்டாங்கம்மா, இருக்கட்டுமே, பார்த்துட்டு நாலு பேர் குடுப்பாங்கன்னு எனக்குச் சமாதானம் சொன்னார்.

வீட்டுலேர்ந்து கத்தியை எடுத்துட்டுப் போய் நானே கயித்தை அறுத்துப் போட்டேன். இல்லாததை இருக்குன்னு சொன்னா என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

சாமிக்குக் காத்திருக்க மாட்டோம்னு சொன்னவங்க, ஒரு மனுஷனுக்காகத் தேருக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாங்க. இப்பவும் ஆஸ்பத்திரி வாசல்லயோ பஸ் ஸ்டாண்டுலயோ பார்வை இல்லாத ஒருத்தரைப் பார்த்துட்டா, இவருக்கு வர வேண்டிய கண்ணைத்தான் நாங்க அன்னைக்கு எரிச்சுட்டோமோன்னு தோணிடுது. அவரைத் தாண்டிப் போகவும் முடியாம, கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசவும் முடியாம நின்னுடுறேன்.