சூசையின் பெயரில் ஒரு லெப்ட் விங்

விளையாட்டுச் சங்கத்துக்குக் காரியதரிசியாக இருப்பது, சம்பளம் இல்லாமல் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். கோயில் சபை, வாசிகசாலை, மாதர் சங்கம் என்று எதற்காவது காரியதரிசியாக இருந்து தலைமயிரைப் பறிகொடுத்தவர்கள் இதை வாசித்தால், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் கிளாக்கர். பின்னேரத்தில் உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசி. முத்திரை ஒட்டுவதில் எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் பந்தால்தான்.

வாடியில் ஏழு பேர்

ஊரில் குடியிருப்பவன்தான் ஊருக்கு விளையாடலாம். இதுதான் எங்கள் சங்கத்தின் தலையாய சட்டம். கரையோரக் கழகத்தின் தலைவர் லூயிஸ் சம்மாட்டி. இரண்டு கரைவலைக்குச் சொந்தக்காரர். அந்த வருசச் சங்கக் கப்புக்காக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து ஏழு ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்கிவிட்டு, ஏழு பேரும் கடற்கரையில் வலை வைக்கிற தன் வாடியில் குடியிருக்கிறார்கள் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் கடிதமும் வாங்கி வந்துவிட்டார்.

சட்டம் சட்டம்தானே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடியைப் பார்க்கப் போனேன். நாலு மரத்தூண், மேலே கிடுகுக் கூரை, உள்ளே மலைபோல வலை, வலைக்கு மேலே இரண்டு நாய். ஏழு பேர் அல்ல, ஏழு சாரம்கூட அங்கே காயப்போட இடமில்லை. "சம்மாட்டியார், இதுக்குள்ளை ஆர் படுக்கிறது?" என்று கேட்டேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"கிளாக்கர் தம்பி, வலை கிடக்கிற இடத்திலை மனிசன் கிடக்கக்கூடாது எண்டு உங்கடை சட்டத்திலை எங்கை எழுதிக் கிடக்கு?"

ஒட்டுப்போட்ட பந்து

சம்மாட்டி ஏழு பேரை இறக்கினால் முள்ளியவளைக் கந்தையர் சும்மா இருப்பாரா? அவர் அந்த ஊர்க் கழகத்தின் தலைவர், பெரிய வயல்காரர். காலபோக நெல்லில் பாதியை வித்து எட்டுப் பேரை இறக்கினார். அவர்களுக்குக் கோழிக்கறி, முட்டை, புதுச் சப்பாத்து. அந்தக் கிழமை முள்ளியவளையில் ஒரு சேவல் கூவிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஊர்ப் பொடியள் வெறுங்காலோடு பழகிக்கொண்டிருந்த பந்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உள்ளே இருந்த பிளாடரில் சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டாத இடம், காற்றடிக்கிற வாய் மட்டும்தான். "ஐயா, ஒரு ஆளுக்குச் செலவழிக்கிறதிலை நாலு பந்து வாங்கலாம். பழக்கிறதுக்கு ஒரு மாஸ்ரரையும் பிடிக்கலாம்" என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். கந்தையர் என்னைக் கதிரையில் இருத்தி, மோர் தந்து, மிகவும் அன்பாகப் பேசினார்.

"பந்து வாங்கிக் குடுத்தால் பொடியள் வருவாங்கள். ஆளை இறக்கினால் கப் வரும். என்ரை அலுமாரியிலை நான் கப்பை வைக்கிறதோ, பொடியளை வைக்கிறதோ, நீங்களே சொல்லுங்கோ."

கடன் கொடுத்த பெயர்

இனிச் சூசையைப் பற்றிச் சொல்லவேண்டும். சம்மாட்டியின் வலையில் கயிறு இழுக்கிறவன், இருபத்துமூன்று வயது. கரையோரக் கழகத்தின் கோல் கீப்பர். அதாவது, யாழ்ப்பாணத்திலிருந்து மீசை வைத்த கோல் கீப்பர் ஒருவர் இறங்கும்வரைக்கும். சூசையின் கைக்கு வந்த பந்து பசை வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு ஒரே ஒரு ஆசை, ஒருக்கா இலங்கை ரீமுக்கு நிற்கவேணும். இறுதி ஆட்டம் பார்க்கக் கொழும்பிலிருந்து தெரிவுக்குழுக்காரர் ஒருவர் வருகிறார், வன்னியிலிருந்து ஆள் எடுக்கப்போகிறார் என்று கடிதம் வந்த நாளிலிருந்து, காலையும் மாலையும் கந்தோர் யன்னலுக்கு வெளியே அவன் தலை தெரியும். "ஐயா, என்னையும் ஒரு பத்து நிமிசம் விடுவினமோ?"

விட்டிருப்பார்கள். ஆனால் கடைசிக் கிழமையில் சம்மாட்டிக்கு எட்டாவதாக ஒருவன் அகப்பட்டான். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற பெடியன், லெப்ட் விங்கில் மின்னலாக ஓடுவானாம். பெயர்ப் பட்டியலோ நிரம்பி, கொழும்புக்கும் போய்விட்டது. புதுப் பெயர் போட வழியில்லை. ஆகவே பட்டியலில் உள்ள யாராவது ஒருவன் பெயரில் அவன் இறங்கவேண்டும். சம்மாட்டி சூசையைப் பார்த்தார். சூசை மணலைப் பார்த்தான். வலை அவருடையது, படகு அவருடையது, பிறகு என்ன கதை? நானும் பக்கத்தில் நின்றேன். சட்டம் கதைக்கிற வாய் அன்றைக்குப் பூட்டிக்கிடந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கடைசியில் சூசை, உடுப்பை இரவல் கொடுக்கிறவன் மாதிரிச் சொன்னான்: "எடுங்கோ ஐயா. மச் முடிஞ்ச உடனை கழுவித் தந்தால் காணும்."

தோடம்பழம்

இறுதி ஆட்டத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போல சனம். ஒரு பக்கம் சம்மாட்டி, மறுபக்கம் கந்தையர், நடுவில் வெள்ளைத் தொப்பியோடு தெரிவுக்குழுக்காரர். அவருக்குப் பின்னால் பட்டியலோடு நான். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிசத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். "உவன் யாழ்ப்பாணம். உவன் என்ரை வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையிலை இருக்கிறவன். உவனைப் போன மாசமே எடுத்தாச்சு. வன்னியிலை ஆர் இருக்கினம் எண்டு பாக்க வந்தனான். இவையளை நான் கொழும்பிலையே நடந்துபோய்ப் பாத்திருப்பனே!"

அப்போது லெப்ட் விங்கிலிருந்து ஒரு கோல். பின்னாலேயே இன்னொன்று. தொப்பி எழும்பிவிட்டது. ஆடத் தெரிந்தவர்களில் அந்த ஒருவனை மட்டும்தான் அவருக்குத் தெரியாது. "ஆரது பதினோராம் நம்பர்?" என்று என்னைக் கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். சம்மாட்டி என்னைப் பார்த்தார். "சூசை" என்றேன். "பாத்தீங்களே, ஆடத் தெரிஞ்ச இவ்வளவு பேருக்குள்ளையும் இந்த மண்ணிலை முளைச்சவன் இவன் ஒருத்தன்தான்!" என்று அவர் சொல்ல, கந்தையர் பெரிதாக இருமினார். இருமாமல் என்ன செய்வார்? காட்டிக்கொடுக்கலாமென்றால், அவருடைய எட்டுப் பேரும் வெளியூர்தானே.

இடைவேளையில் ஆட்டக்காரருக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்த சூசை, தெரிவுக்குழுக்காரரிடமும் தட்டை நீட்டினான். அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவன் தோளில் தட்டினார்.

"தம்பி, உந்தச் சூசையைப் பாத்து விளையாடப் பழகும்."

கடிதம்

கப் சம்மாட்டிக்கு. இரண்டு கிழமை கழித்துத் தபால் பையைக் கொட்டினால், மேலே கிடக்கிறது நீட்டுக் கடிதம். இலங்கை ரீம் பயிற்சிக்கு வரச்சொல்லி, சூசைக்கு. துறைமுகத்துப் பெடியன் எப்போதோ கொழும்புக்குப் போய்விட்டான். கதை காற்றில் போனதுபோலச் சம்மாட்டி கந்தோருக்கு வந்துவிட்டார். "தம்பி, இவன் போனால் குட்டு உடைஞ்சிடும். கப்பையும் பறிப்பாங்கள். அதைக் கிழிச்சுப் போடும்." எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சம்மாட்டியை எதிர்த்துக் கதைத்தேன். "தபாலைக் கிழிக்கிறதுக்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் தரேல்லை. இதிலை ஆரின்ரை பேர் கிடக்கோ அவனிட்டைத்தான் போகும்."

கடற்கரைக்கு நானே கொண்டுபோனேன். சூசை ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அவனிடம் சப்பாத்து இல்லை, எங்கள் பொடியளில் ஒருவனிடமும் இல்லை. யாரோ பெரிய காலுள்ளவரின் பழசை வாங்கி, முன்பக்கம் கடதாசி அடைத்துக்கொண்டு, மாங்குளத்தில் ரயில் ஏறினான். ஏறும்போது சொன்னான்:

"ஐயா, பேரைக் கழுவாமலே திருப்பித் தந்திட்டினம். பரவாயில்லை."

திரும்பி வந்த கோல் கீப்பர்

நாலாம் நாள் வந்தான். முதல் நாள் முழுக்க லெப்ட் விங்கில் ஓடவிட்டார்களாம். பந்து ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். தெரிவுக்குழுக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "உண்மையைச் சொல்லும், நீர் ஆர்?" என்று கேட்க, "தோடம்பழம் தந்தவன் ஐயா. கோல் கீப்பர்" என்று இவன் சொல்லியிருக்கிறான். அந்த மனிசன் நல்ல மனிசன். ஏசாமல், கப்பைப் பற்றி மூச்சும் விடாமல், கோலுக்குள் நிற்கவிட்டுப் பார்த்திருக்கிறார். அரைமணி நேரம் ஒன்றும் உள்ளே போகவில்லையாம். "கை தங்கம். ஆனால் நீர் பெரிய மச் ஒண்டுமே நிக்கேல்லையே. ஒரு வருசம் உம்மடை கழகத்துக்கு நிண்டுபோட்டு வாரும், எடுக்கிறன்" என்றாராம்.

ஒரே ஒரு வருசம். சூசையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு பேருமாகச் சம்மாட்டியிடம் போனோம். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. எழும்பிவந்து சூசையைக் கட்டிப்பிடித்தார்.

"அதுக்கென்ன மோனே, வாற வருசம் முழுக்க நீதான் கோல் கீப்பர்! இறுதி ஆட்டத்துக்கு மட்டும் ஒருத்தனை இறக்குவம்."

இப்படியாக, அரைப் போகத்து நெல்லையும் இரண்டு வலையின் மீனையும் கொட்டிச் செலவழித்து, எங்கள் வன்னி இலங்கை ரீமுக்குக் கொடுத்தது நாலு நாளைக்கு ஒரு கோல் கீப்பரை, அதுவும் லெப்ட் விங் என்று சொல்லி.