இருசம்மாள் பாடிய நூறு மலாய்ச் சொற்கள்

மலேசியாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த இருசம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது அதே தோட்டத்து லயத்தில்தான். ஆனால் பெற்ற மகராசர்கள் பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள்! அதனால் கையில் இருந்தது அந்நியருக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி. பிறந்த மண்ணிலேயே விருந்தாளி. குடிமக்களுக்கான நீல ஐ.சி. வேண்டுமானால் மலாக்கா அலுவலகத்தில் மலாய்மொழி நேர்காணலில் தேற வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை போனாள். வாயடைத்துத் திரும்பி, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். தொண்ணூற்று நான்கில் மறுபடி கடிதம் வந்தது.

"இந்தத் தடவ நான் சொல்லிக் குடுக்கிறேன்லா, பயப்படாத" என்றார் கணவர் தம்புசாமி. தோட்டத்து லாரி ஓட்டுபவர், மலாய் நன்றாகவே வரும். நூறு சொற்களை நோட்டில் எழுதினார். இருசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரூமா என்றால் வீடு, பிந்து என்றால் கதவு என்று அவர் சொல்லச் சொல்ல அவளும் சொல்வாள். விடிந்தால் ஒன்றும் இருக்காது.

"மண்டையா இது, ஓட்டச் சட்டியா?"

"நீங்க வாத்தியாரா, கங்காணியா?" என்று அவளும் விடமாட்டாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். நூறையும் கும்மி மெட்டில் போட்டு, மரத்துக்கு மரம் பாடிக்கொண்டே வெட்டினாள். இரண்டே வாரம், வரிசை பிசகாமல் வந்துவிட்டது. தம்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. லாரியில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார், பாவம்.

அந்த வரிசையில்தான் வினையே இருந்தது. நேர்காணலில் அதிகாரி சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இது என்ன என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் தனியாக வருவேனா என்கிறது. எழுபத்தோராவது சொல்லாயிற்றே! முதலிலிருந்து பாடினால்தான் வரும். உதடு அசைய, விரல் தாளம் போட, அவள் ரூமாவில் தொடங்கி ஓடிய ஓட்டத்தை அதிகாரி வாய் பிளந்து பார்த்தார். "ஜாம்!" என்று அவள் வந்து சேர்ந்தபோது சிரித்தேவிட்டார். அடுத்து சன்னலைக் காட்டினார். மறுபடி ரூமாவிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் அவர் இருமினார். பாட்டு அறுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இந்த வயசில் உங்களுக்குக் குடியுரிமை எதற்கு, மக்சிக்?" என்று மலாயில், அத்தை முறை வைத்து மெதுவாகக் கேட்டார்.

அவள் பாட்டைத் தேடவே இல்லை. "சாயா லாஹிர் சினி" என்றாள். நான் பிறந்தது இங்கே. "அனாக் சாயா லாஹிர் சினி. மாத்தி சினி." என் பிள்ளை பிறந்தது இங்கே. செத்ததும் இங்கேதான்.

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, தேறிவிட்டீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே காத்திருந்த தம்புசாமி செய்தி கேட்டுக் குதிக்காத குறைதான். என்ன கேட்டார், என்ன சொன்னாய் என்று துளைத்தெடுத்தார். அவள் சொன்னதும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"லாஹிர், மாத்தி... ரெண்டும் இதுல இல்லையே புள்ள. யாரு சொல்லிக் குடுத்தா?"

"பெரியாஸ்பத்திரி மலாய் நர்ஸம்மாதான். நம்ம பாப்பா பொறந்தப்ப ஒண்ணு, போனப்ப ஒண்ணு" என்றாள் இருசம்மாள். "ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவதாங்க சொன்னாங்க."