எல்லோருக்கும் பின்னால் ஓடியவர்

சனிக்கிழமை காலை குன்னூர் மார்க்கெட்டில் கேத்தி காரட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். நம் ஓட்டக் கூட்டத்து ரமேஷ் போனில் கூப்பிட்டான். மறுநாள் ஓட்டத்துக்கு நேரம் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "மழை பேஞ்சாலும் வந்துடறேன்டா" என்றேன். அவன், "அக்கா, தியாகண்ணன் போயிட்டாருங்க. ரிப்பன் கட்டப் போன எடத்துலயே, மேல காட்டுல..." என்றான். காரட்டுக்காரர் பையை நீட்டியபடி நின்றார். அதை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

மார்க்கெட்டில் ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் விற்ற தியாகராஜனை ஊருக்கே தெரியும். ஞாயிறுதோறும் தேயிலைக்குள்ளும் சோலைக்குள்ளும் ஓடுகிற நமக்குத்தான் இன்னொரு தியாகண்ணனைத் தெரியும். நம் கூட்டத்தில் அவருக்கு ஒரே வேலை, கடைசியாக வருவது. எவ்வளவு மெதுவாக ஓடுகிறவருக்கும் பின்னால் அவர் இருப்பார். காட்டெருமை நிற்கும் வளைவில் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கணக்கு. அவருக்கு வேகம் கிடையாது என்று சிலர் நினைத்தார்கள். முன்னால் போன ஒருவர் வழுக்கி விழுந்து அலறிய அன்று, அந்த ஏற்றத்தில் எங்கள் எல்லோரையும் தாண்டி அவர் பாய்ந்ததை நான் பார்த்தேன். அந்தக் கால் நம்மில் ஒருவருக்கும் இல்லை.

என் கணவர் இறந்த வருடம் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், நான் வீம்புக்கு ஓட வந்தேன். முதல் ஞாயிறே பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்கண்ணா, என் மானத்த வாங்காதீங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவரும் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். "ஏனுங்க அம்மணி, என்ன அவசரம்? சீக்கிரம் போனாலும் ஓட்டம் முடியற எடத்துல அதே டீதான், அதே வர்க்கி பிஸ்கட்டுதான்" என்றார். கணவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நம் கூட்டம் செய்த அந்தப் பெரிய கூத்தை யார் மறந்திருப்பீர்கள்? வழி தெரிவதற்காகத் தேயிலைச் செடிகளில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். அந்த எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்த இடத்துக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவார்கள் என்று நமக்கு எங்கே தெரியும்? கொழுந்து பறிக்க வந்த பெண்கள் ரிப்பனைப் பார்த்துவிட்டு, கூடையோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் ஜீப்பில் வந்து குதித்தார். நாமெல்லாம் போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொண்டோம். தியாகண்ணன் மட்டும் நேரே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "மருந்தில்லைங்க தாயீ. வேலவெட்டி இல்லாத நாங்க ஓடறதுக்குக் கட்டுனதுங்க." அதன்பிறகு ரிப்பன் மஞ்சளாக மாறியது. ஆனாலும் கட்டப் போகும்போதெல்லாம், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில் நின்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

கடற்கரைப் பூங்கா ஓட்டத்துக்கு நாம் போனதையும் சொல்ல வேண்டும். சமதரைதானே என்று மலைக்காரத் திமிரில் தண்ணீர்கூட எடுக்காமல் கிளம்பினோம். சவுக்குத்தோப்பு தாண்டியதும் மணல் காலை இழுத்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. நானும் அவரும் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டுப் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "ஆள் வர்றதுக்குள்ள கோட்டக் கலைச்சா எப்படிங்க?" என்றார். பிறகு ஈர மணலில் தன் காலாலேயே ஒரு கோடு இழுத்தார். "தாண்டுங்க அம்மணி." தாண்டினேன். அடுத்த அலை அதை அழித்துவிட்டுப் போனது.

அப்படிப்பட்ட மனிதர் தனியாகப் போய்ச் சேர்ந்தாரே என்பதுதான் என்னைத் தின்றது. நமக்கெல்லாம் பின்னால் அவர் இருந்தார். அவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? மாலை போட்டவர்கள் எல்லோரும் "நல்ல சாவு" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டில் ஒருத்தரும் இல்லாமல் கிடந்து சாவது என்ன நல்ல சாவு?

அவர் வீட்டு வாசலில் ஓரமாக நின்றிருந்த எஸ்டேட் பெண்களில் பார்வதி என்கிறவர்தான் அவரை முதலில் கண்டவர் என்றார்கள். தாய் தகப்பன் காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் கேட்டேன்.

"காலையில எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாரும்மா. நாங்க கொழுந்து எடுத்துக்கிட்டே ஏறுறோம். மஞ்ச ரிப்பன் கற்பூர மரம் வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல காணோம். அண்ணே அரகொறையா விடுற ஆளு இல்லையேன்னு கூடைய எறக்கி வச்சிட்டு ஓடுனோம். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சி கெடந்தாரு."

"பேச்சு இருந்துச்சுங்களா?"

"இருந்திச்சி. 'நீங்க போங்க தாயீ, வேல கெடக்குது'ன்னாரு. வேல கெடந்தா கெடக்கட்டும், நாங்க எங்கேயும் போகலண்ணேன்னு சொன்னேன். தலைய மடியில வச்சிக்கிட்டேன். ஜீப்பு வர்றதுக்கு முன்னாடியே அடங்கிட்டாரு. ஒருத்தி காலத் தேச்சா, ஒருத்தி முந்தானையால விசிறினா. யாரும் நகரலம்மா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பார்வதிதான் என்னைத் தூக்கிவிட்டார்.

அவருடைய கடையை மகள் பார்த்துக்கொள்வாள். நான் வைத்துக்கொள்வது அவர் ஓடிய இடத்தை. வருகிற ஞாயிறு நீங்கள் எல்லோரும் முன்னால் போங்கள். புதிதாக வருகிறவர்கள் உட்கார்ந்தால் உட்காருவேன், அழுதால் கூடவே அழுவேன். எனக்கு வேகம் என்றைக்கும் இருந்ததில்லை, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில், அவர் வருகிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். தெரியும். இருந்தாலும் கடைசியாக வருவேன்.