இலைக் கல்லும் இரண்டு சொம்புத் தண்ணீரும்

மரகதம் வாயைத் திறந்தால் நாற்பத்திரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். ஒரு நாளில் ஐந்தே ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் அவள் காலை நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வடக்குப்பட்டு முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றாள் என்று சொன்னால் அது பொய்யில்லை.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் லைனில் வரிசையாக நின்று கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்வார்கள். பிறகு பாதுகாப்பு உறுதிமொழி. அதற்குப் பிறகு ‘இன்றைய தகவல்’. யாராவது ஒருவர் முன்னால் வந்து உருப்படியாக ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒளிய, ஒன்பது வருஷமாக அந்த இடத்தை மரகதம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தாள். சளிக்குக் கற்பூரவல்லி, கேஸை மிச்சம் பிடிக்கும் வழி, ஊறுகாயில் பூஞ்சை வராமல் காப்பது என்று எதைச் சொன்னாலும் கைதட்டல் விழும். வீட்டில் இதெல்லாம் செல்லாது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் பலராமன், அவள் பேச ஆரம்பித்தாலே போனில் சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ரஞ்சனி வேட்டு வைத்தாள்.

ரஞ்சனி வேறு யாருமில்லை, பலராமனின் தம்பி சுபாஷைக் கட்டிக்கொண்டவள். மரகதத்துக்கு ஓரகத்தி. ஒரே மனையில் சுவரை ஒட்டி இரண்டு வீடு. ஒரே பஸ், ஒரே லைன். வேலை வாங்கிக் கொடுத்ததே மரகதம்தான், இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! ஆடி மாசம் சுபாஷ் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டினான். எட்டடி ஆழத்தில் வெளுத்த தட்டைக் கல் ஒன்று வந்தது. அதன்மேல் சீப்பின் பல்லைப்போல வரிவரியாக ஓர் இலை பதிந்திருந்தது. ரஞ்சனி அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைக்க, அது யார் யார் கைக்கோ போய், சென்னையிலிருந்து இசைவாணி என்ற நிலவியல் பேராசிரியை காரில் வந்து இறங்கிவிட்டார்.

“பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தின செடிம்மா இது. டைனோசர் நடமாடின காலம். இந்தப் பக்கத்து மண்ணுக்கடியில இந்த மாதிரி இலைக் கல்லு இருக்கு. ஆனா இது சேறு இறுகின கல்லு. தண்ணி மட்டும் காட்டிடாதீங்க, பொலபொலன்னு உதிர்ந்துடும்” என்றார் அவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த மரகதம் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

மறு வாரம் லைன் சூப்பர்வைசர் பேச்சிராஜ், திருநெல்வேலிக்காரன், “இன்னைக்கு ரஞ்சனி வரட்டும். அந்தக் கல்லுக் கதையக் கேப்போம்லா” என்றான். ரஞ்சனி போனாள், கூச்சப்பட்டாள், சொன்னாள். மறுநாளும் சொன்னாள். கோழி அளவுக்குக்கூட டைனோசர் இருந்ததாம். வீடு உயரத்துக்கு நின்ற டைனோசர்கள் இலையை மெல்லாமலே விழுங்குமாம். டைனோசருக்கும் முன்னால் இரண்டடிக்கு மேல் இறக்கை விரித்த தட்டான் பறந்ததாம். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு, “நாளைக்கு இன்னா சொல்லப் போற ரஞ்சனி?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இடையில் ஒருநாள் மரகதம் எலுமிச்சைத் தோலைப் பற்றித் தொடங்க, “அக்கா, இத போன வருசமே சொல்லிட்டீங்கோ” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பக்கத்து வீட்டில் ரஞ்சனி சிரித்தால் மரகதத்துக்கு இங்கே பாத்திரம் சத்தமாக விழுந்தது. எங்கேயாவது அவள் தப்பு விடுவாள், பிடித்துவிடலாம் என்று, போனில் எழுத்துக்கூட்டி இவளும் டைனோசர் படித்தாள். கோழி டைனோசருக்குச் சொந்தம் என்று படித்துவிட்டு, தன் வீட்டுக் கோழியைக்கூட முறைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் ரஞ்சனி மாட்டினாள் என்று நினைத்தாள். “உலகத்துல மரம் வர்றதுக்கு முன்னாடியே கடல்ல சுறா வந்துடுச்சு” என்றாள் ரஞ்சனி.

“இன்னாடி ரீல் வுடற?” மரகதம் வரிசையிலிருந்தே கத்தினாள். “மரமே இல்லாத காலத்துல மீனு மட்டும் இருந்துச்சா? கேக்கறவன் கேனையனா?”

பேச்சிராஜ் போனில் தேடிப் பார்த்தான். “சரியாத்தான் சொல்லுதா, அக்கா.” லைன் முழுவதும் சிரித்தது. ரஞ்சனி மட்டும் சிரிக்காமல், “எனக்கும் மொதல்ல நம்பிக்கை வர்லக்கா” என்றாள். அந்தத் தயவுதான் மரகதத்தைக் கொன்றது.

ஆயுத பூஜை வந்தது. திங்கட்கிழமை கம்பெனியில் பூஜை. லைனில் அந்தக் கல்லை வைப்பதாகவும், மேனேஜர் வந்து பார்ப்பதாகவும், ரஞ்சனி எல்லா லைன்காரர்களுக்கும் முன்னால் மைக்கில் பேசுவதாகவும் முடிவாகியிருந்தது. மைக்! ஒன்பது வருஷத்தில் மரகதத்துக்கு யாராவது மைக் கொடுத்தார்களா?

பூஜைக்கு வைக்கும் எதையும் கழுவிப் பொட்டு வைப்பது அந்த வீட்டில் மூத்த மருமகளின் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை மரகதம் ஆட்டோவைக் கழுவினாள், சுபாஷின் பைக்கைக் கழுவினாள். அரிவாள்மனை, ஸ்பேனர், கிரைண்டர் கல் எல்லாம் வாசலில் வரிசையாகக் காய்ந்தன. சுபாஷ் அந்த இலைக் கல்லைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தான்.

“ரஞ்சனி குளிச்சிக்கினு கீறா அண்ணி. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க. நாளைக்கு எடுத்துக்கினு போவணும்” என்றவன், பொரி வாங்கக் கடைக்குப் போய்விட்டான்.

பொட்டு வைக்க விரல் போதும். மரகதத்தின் கையில் சொம்பு இருந்தது. ஒரு சொம்பு ஊற்றினாள். கல் கறுத்தது, ஓரம் உப்பியது, ஏடு ஏடாகப் பிரிந்தது. இலை இன்னும் தெரிந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினாள். பத்துக் கோடி வருஷம் மஞ்சள் தண்ணீரோடு சேறாகிச் சாக்கடைப் பக்கம் ஓடியது.

ரஞ்சனி ஈரத் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். “ஐயோ! இன்னாக்கா பண்ணிட்டீங்க!”

“பூஜைக்கு வைக்கறத கழுவாம வைப்பாங்களா? எல்லாத்தையும் கழுவுனேன், இதையும் கழுவுனேன். எனக்கு இன்னா தெரியும்?”

அதற்குள் திரும்பி வந்த சுபாஷும் அண்ணி பக்கம்தான் பேசினான். “வுடு ரஞ்சனி. அவங்களுக்கு எப்படித் தெரியும்? எவன் கண்ணு பட்டுச்சோ.”

ரஞ்சனி குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த சேற்றைக் கிண்ணத்தில் வழித்தாள். அதில் இலையும் இல்லை, ஒன்றுமில்லை. பிறகு எழுந்து மரகதத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். “உங்க மேல கோவம் இல்லக்கா. நான்தான் சொல்லி வெச்சிருக்கணும்.” மரகதம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள், பாவி.

திங்கட்கிழமை மைக் வரவில்லை. காலையில் பேச்சிராஜ் கூப்பிட்டதற்கு ரஞ்சனி தலையை மட்டும் ஆட்டினாள். “அப்ப மரகதம் அக்கா, நீங்க வாங்க. ரொம்ப நாளாச்சு” என்றான் அவன்.

மரகதம் முன்னால் போய் நின்றாள். நாற்பத்திரண்டு பேரும் வாயை மூடினார்கள். இதற்குத்தானே ஆசைப்பட்டாள்! பித்தளை விளக்கைப் பளபளப்பாக்கும் வழியைப் பஸ்ஸில் வரும்போதே மனசில் அடுக்கி வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

“நம்ம மண்ணுல கெடைக்கற இலைக் கல்லு இருக்கே,” என்றாள், “அது சேறு இறுகி ஆனது. தண்ணி படக்கூடாது. பட்டா உதிர்ந்துடும்.” ரஞ்சனியைத் தேடிப் பார்த்தாள். “இது எனக்கு ஆடி மாசத்துலேர்ந்தே தெரியும்.”

“சூப்பர்க்கா!” என்று யாரோ கத்தினார்கள். லைன் முழுக்கக் கை தட்டியது. பேச்சிராஜும் தட்டினான். கடைசி வரிசையில் ரஞ்சனி மட்டும் தட்டவில்லை. அவள் மரகதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.